பிள்ளை எழுதாமல் விட்ட பக்கங்கள்: நிஜ மனிதர்களை வைத்துச் சரித்திர நாவல் எழுதப் போகிறவர்களுக்கு

நிஜமாக வாழ்ந்த ஒருவரை வைத்துச் சரித்திர நாவல் எழுதப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, அவர் எவ்வளவு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதுதான். ஒன்றுமே எழுதாத ராஜா ஒரு வகையில் சுலபம். நாலு கல்வெட்டு, இரண்டு செப்பேடு, புகழ்ந்து தள்ளும் ஒரு மெய்க்கீர்த்தி, அவ்வளவுதான் கிடைக்கும். மிச்சத்தை நீங்கள் என்ன எழுதினாலும் எழுந்து வந்து மறுக்க ஆள் கிடையாது.

நான் மாட்டிக்கொண்டது ஆனந்தரங்கப் பிள்ளையிடம். 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் துபாஷியாக, அதாவது தலைமை மொழிபெயர்ப்பாளராக, உயர்ந்தவர். 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து, 1761 ஜனவரியில் சாவதற்குச் சற்று முன்வரை, நடுநடுவே இடைவெளி விட்டாலும், எழுதிக்கொண்டே இருந்தார். கவர்னர் சொன்னது, கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை முழங்கியது, யார் யார் முகத்தைச் சுளித்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதி. 1904-இல் தொடங்கி 1928 வரை அச்சடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாவலே தயாராக இருக்கிறது, அத்தியாயம் பிரித்தால் போதும் என்று நினைத்தேன். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கையில் இருந்தது நாட்குறிப்பின் சுருக்கம், அதுவும் அசலைவிட ரொம்ப மோசமான சுருக்கம். அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஆள் வேறாக இருக்கலாம், ஒரு ஜமீன்தாரிணியோ பாடகியோ கங்காணியோ. வேலை ஏறக்குறைய இதேதான்.

சரி, முதலில் தேதி. இதைச் சலிப்பான வேலை என்று தள்ளிப்போடாதீர்கள், நான் தள்ளிப்போட்டு மூன்று அத்தியாயத்தைக் கிழித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தது 1746 செப்டம்பர். எந்த நாள்? இங்கிலீஷ் கணக்கில் 10, பிரெஞ்சுக் கணக்கில் 21. இரண்டும் சரி. 1752 வரை இங்கிலீஷ்காரர்கள் பழைய நாள்காட்டியை விடவில்லை, அதனால் அவர்கள் தேதி 11 நாள் பின்னால் நிற்கும். இது தெரியாமல் கோட்டைக்குள்ளே ஒரு தேதியும் புதுச்சேரியில் ஒரு தேதியுமாக எடுத்து எழுதியதில், என் கதையில் தூதுவன் செய்தி அனுப்பப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டான். பிள்ளையோ அட்சய வருஷம், புரட்டாசி மாதம் என்று நம் கணக்கிலும் எழுதுவார். ஆக, ஒரே நாளுக்கு மூன்று பெயர்.

அதனால் ஒரு எக்செல் தாள் போடுங்கள். தமிழ் வருஷமும் மாதமும் ஒரு பத்தி, புதிய கணக்குத் தேதி ஒரு பத்தி, பழைய கணக்குத் தேதி ஒரு பத்தி. பக்கத்தில், அன்றைக்கு யார் எந்த ஊரில் இருந்தார்கள், எந்த ஆவணம் அதைச் சொல்கிறது. கடைசியில் ஒரு பத்தி விட்டு, அங்கே நீங்கள் கற்பனை செய்ததை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். ஊகித்தது நீலம். இந்த நிறம் பிரிக்கிற பழக்கம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் ஒன்றரை வருஷம் ஒரு மனிதரோடு குடியிருந்தபிறகு எது அவர் சொன்னது, எது நீங்கள் சொல்லவைத்தது என்று உங்களுக்கே மறந்துபோகும். எனக்கு மறந்துபோனது. ஒரு நண்பரிடம் பிள்ளை சொன்னதாக ஒரு அருமையான வாக்கியத்தை மேற்கோள் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தேடினால், அது என் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. நாழிகைக்கு 24 நிமிஷம், இரண்டரை நாழிகை ஒரு மணி. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் பத்து நாழிகை என்பது காலை பத்து மணி வாக்கில் வரும். கவர்னர் மாளிகையில் கடிகாரம் மணியடிக்கும், பிள்ளை வீட்டில் நாழிகை ஓடும். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு உலகம் தானாக வந்து நிற்கும், வர்ணனையே வேண்டாம்.

அடுத்தது, உங்கள் சாட்சி யார்மீது கடுப்பில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது. எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான் என்பேன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நாட்குறிப்பைப் படித்துக்கொண்டு போனால் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் மனைவி ழான் மேல் உங்களுக்கு ஆத்திரம் வந்தே தீரும். பேராசை, சூழ்ச்சி, இந்துக்கள்மேல் வெறுப்பு, புருஷன் காதில் ஓதுவது என்று பிள்ளை ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. நான் அப்படியே எடுத்துக்கொண்டு அந்த அம்மாளைச் சினிமா வில்லி மாதிரி எழுதினேன். பிறகுதான் உறைத்தது, இது ஒரு அலுவலகத்தில் இரண்டு பேருக்குள் நடக்கிற போட்டியில் ஒருத்தர் மட்டும் எழுதிய குறிப்பு. ழான் புதுச்சேரியிலேயே பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வழியில் போர்த்துகீசிய இந்தியக் கலப்பு. முதல் கணவர் இறந்தபிறகு 1741-இல் டூப்ளேயை மணந்தார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியும், டூப்ளேக்குத் தெரியாது. இப்போது யோசியுங்கள்: துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரன், அதாவது கவர்னருக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பவன். அதே நடுவில், அதே வேலையைச் செய்ய, கவர்னரின் படுக்கையறையிலேயே ஒரு ஆள் இருக்கிறார். பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? அவருடைய வெறுப்பில் பாதிக்கு இது ஒன்றே போதும் என்று எனக்குப் படுகிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் ழான் என் நாவலுக்குள் மனுஷியாக வந்து உட்கார்ந்தார்.

அதற்காக அவரை நல்லவராக மாற்றவும் கூடாது. 1748 செப்டம்பரில், பாஸ்கவன் படையோடு வந்து இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். அது சேசு சபைப் பாதிரிமாரின் சம்பாக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதை அப்புறப்படுத்த அவர்கள் வெகுகாலமாக முயன்றுகொண்டிருந்தார்கள். (சான் பவுலு என்ற பெயர்தான் நம் வாயில் சம்பா ஆனது. ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) இடித்ததற்கு மதாம் ழானும் பாதிரிமாரும் காரணம் என்பது பிள்ளையின் கட்சி. அவர் அப்போது தலைமைத் துபாஷி, ஊர்ப் பெரியவர்கள் அவரிடம்தான் வந்து முறையிட்டார்கள், அவரால் தடுக்க முடியவில்லை. அந்த நாட்களின் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். ஒரு மனிதர் தன்மேல் பழி விழாதபடி வாக்கியங்களை அடுக்குவது கேட்கும். எனக்குக் கேட்டது. வேறொருவருக்கு அது வெறும் துக்கமாகவே கேட்கலாம், அவர் வேறு நாவல் எழுதுவார், அதுவும் நியாயமே.

இங்கேதான் எனக்கு என் வழி பிடிபட்டது. எழுதியதை மீறாதே, எழுதாததில் போய் உட்கார்.

பிள்ளை எழுதாதது என்ன? வீட்டுப் பெண்கள் என்ன பேசினார்கள் என்பது அனேகமாக இல்லை. பல்லக்குத் தூக்கியவர்கள் வழியில் என்ன முணுமுணுத்தார்கள் என்பது இல்லை. ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய விவகாரம் 1743-இல் ஒரு இடத்தில் வருகிறது, ஆனால் பிடிபட்டவர்களின் தரப்பில் நின்று அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அப்புறம் பயம். தன் பயத்தைப் பற்றி அவர் நேராக எழுதமாட்டார். ஆனால் அவருடைய தாய்மாமன் நைனியப்ப பிள்ளை இதே துபாஷி வேலையில் இருந்து, 1716-இல் கைதாகி, அடுத்த வருஷம் சிறையிலேயே செத்துப்போனவர். அப்போது ரங்கனுக்கு எட்டு வயது. நாற்பதை நெருங்கும் வயதில் அதே நாற்காலிக்கு ஆசைப்படுகிற மனிதன் ராத்திரி தூங்கும்போது என்ன கனவு கண்டிருப்பான் என்று எந்த ஆவணமும் சொல்லாது. நாம்தான் சொல்லவேண்டும். இந்த வேலையில் கிடைக்கிற சந்தோஷமே அதுதான்: இரண்டு தேதிகளை அருகருகே வைத்ததும் நடுவில் ஒரு மனசு தெரியும்.

கோயில் இடித்த அன்றைய ராத்திரியை நான் முதலில் எப்படி எழுதினேன் என்று காட்டுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது:

"பிள்ளை இடிந்துபோய் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி கண்ணீர் மல்க, 'ஈசுவரன் கோயிலை இடித்துவிட்டார்களே, நீங்கள் தலைமைத் துபாஷியாக இருந்தும் தடுக்கவில்லையே!' என்று கதறினாள். பிள்ளையின் நெஞ்சு வெடித்தது."

வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே இரண்டு பேரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு தப்பும் இருக்கிறது. ரங்கன், திருவேங்கடம் என்று பெயர் வைக்கிற பெருமாள் பக்தி உள்ள வீடு, இடிந்தது சிவன் கோயில். துக்கம் இருக்காது என்று சொல்லவில்லை, அந்தத் துக்கத்தின் நிறம் வேறு. இப்போது இருப்பது:

"கோயில் பக்கம் போய்வந்த ஆள் திண்ணைக்குக் கீழேயே நின்றான். தலையெல்லாம் சுண்ணாம்பு. உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை, அவனாக வரவில்லை. அம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தாள். அவன் காலைக் கழுவ, வெள்ளையாக ஓடிய தண்ணீர் வாசல் கோலத்தின் ஒரு மூலையைக் கரைத்துக்கொண்டு போனது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இன்னொரு சொம்பு கொண்டு வா,' என்றார்."

இதில் நடந்ததாகப் பதிவானது எதையும் நான் மாற்றவில்லை. ஆளும் சொம்பும் கோலமும் என்னுடையவை, தாளில் சிவப்பில் இருக்கின்றன. பிள்ளை என்ன நினைத்தார் என்று எழுதவும் இல்லை, அதை நாட்குறிப்பில் அவரே தன் பாணியில் எழுதிக்கொள்ளட்டும்.

பேச்சுநடை இன்னொரு தலைவலி. சரித்திர நாவல் என்றதும் நம் கை தானாக "வாருங்கள் பிள்ளைவாள், அமருங்கள்" என்று அரண்மனைத் தமிழுக்குப் போய்விடும். நாட்குறிப்பின் மூலத் தமிழைக் கொஞ்சம் படித்தாலே அந்த மயக்கம் தெளியும். அது கடைத்தெருத் தமிழ், மூச்சு விடாமல் ஓடுகிற வாக்கியம், பிரெஞ்சும் பாரசீகமும் போர்த்துகீசியமும் நம் எழுத்துக்கு மாறி நடுவில் கிடக்கும், முசே, மதாம் என்று. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதினால் பிள்ளை ஒரு விக்டோரியா காலத்து கனவானாக வந்து நிற்பார். அதற்காக அந்தத் தமிழிலேயே முழு நாவலும் எழுதினால் இருபதாம் பக்கத்தில் வாசகர் ஓடிவிடுவார். நான் செய்தது: கதை சொல்வது இன்றைய எளிய தமிழ், பேச்சில் அந்தக் காலத்துச் சொல் பத்துக்கு ஒன்று. டூப்ளே அவரை "ரங்கப்பா" என்று கூப்பிடுவார், அதை அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரு கவர்னர் நாற்பது வயது வியாபாரியை ரங்கப்பா என்பதில் பிரியமும் இருக்கிறது, நீ எனக்குக் கீழேதான் என்பதும் இருக்கிறது. அதோடு, இரண்டு பாத்திரங்கள் எந்த பாஷையில் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொரு காட்சிக்கும் முடிவு செய்துகொள்ளுங்கள். அன்றைய கடற்கரையில் ஐரோப்பியனும் உள்ளூர்க்காரனும் பேசிக்கொள்ள உடைந்த போர்த்துகீசியம்தான் பல இடத்தில் பொதுமொழி. ழான் திடீரென்று தமிழுக்கு மாறினால் அறையில் யாருக்குப் புரியும், யாருக்குப் புரியாது? அங்கேயே ஒரு காட்சி கிடைத்துவிடுகிறது.

அடுப்படியில்தான் நான் அதிகம் வழுக்கினேன். விருந்துக் காட்சியில் தக்காளி ரசம் ஊற்றிவிட்டேன். வரைவைப் படித்த புதுச்சேரிக்கார நண்பர் ஒருவர் ஓரத்தில் "1746-இல் தக்காளியா? எந்தக் கடையில் வாங்கினார்?" என்று எழுதி அனுப்பினார். மிளகாய் பரவாயில்லை, போர்த்துகீசியர் வழியாக அதற்கு முன்பே வந்துவிட்டது. தக்காளி, உருளைக்கிழங்கு நம் சமையலில் புழங்கியது ரொம்பப் பின்னால். பிரெஞ்சுக்காரர் வீட்டில் காப்பி இருக்கலாம், பிள்ளை வீட்டில் காலையில் எழுந்ததும் டம்ளர் டபராவில் காப்பி கிடையாது. தீக்குச்சி 1820களுக்கு முன் இல்லை, ஆகவே யாரும் சட்டென்று விளக்கேற்ற முடியாது, எங்கேயோ கனன்றுகொண்டிருக்கிற நெருப்பு வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டதைக் காட்டிக்கொள்ள நாவலில் கொட்டாதீர்கள், தப்பு வராமல் இருந்தாலே போதும்.

ஊருக்குப் போங்கள். ரங்கப் பிள்ளை வீதிக்குப் பக்கத்தில், பெரிய மார்க்கெட் அருகே, அவருடைய மாளிகை இருக்கிறது. 1730களில் கட்டியது. கீழே நம்மூர் மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணித் தூண். மனிதரே இப்படித்தான் என்று அங்கே நின்றபோது தோன்றியது, உடனே அந்த உவமையை நாவலில் எழுதிவிட்டு மறுநாள் அடித்தேன், யாருக்கும் தோன்றக்கூடிய உவமை அது. உருப்படியாகக் கிடைத்தது வேறு: அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தால் எவ்வளவு நேரம், மத்தியான வெயிலில் எந்தப் பக்கம் நிழல். வீதி அமைப்பு பெரும்பாலும் பழைய கோடுகளில்தான் இருக்கிறது என்றாலும் கட்டடங்களை நம்பாதீர்கள், 1761-இல் ஊரைப் பிடித்த இங்கிலீஷ்காரர்கள் பெருமளவு இடித்துத் தள்ளிவிட்டார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், இந்த மூன்றுக்கும் போவதற்கு முன் என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சும்மா பார்க்கலாம் என்று போனால் சாயந்திரம் வரை சும்மா பார்த்துவிட்டு வருவீர்கள்.

வானிலையைக் கேளுங்கள். 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்த லா பூர்தொனேயின் கப்பல்களை ஒரு புயல் சின்னாபின்னமாக்கியது. கோட்டையைப் பணயத்தொகை வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் டூப்ளேக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஒரே ராத்திரியில் காற்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நானாகக் கற்பனையில் இப்படி ஒரு திருப்பம் வைத்திருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். நிஜம் இப்படிச் சில சமயம் ரொம்பச் செயற்கையாக இருக்கும், அப்போது புயலுக்கு முந்தைய மூன்று நாளை மெதுவாக எழுதுங்கள், அக்டோபர் மாதத்துக் கடல் எப்படி இருக்கும் என்று மீனவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

சாதி விஷயம். பிள்ளை யாதவ குலம், ஊரில் வலங்கை இடங்கை என்ற இரண்டு சாதி அணிகளின் சண்டை, கிறிஸ்தவ துபாஷியா இந்து துபாஷியா என்ற போட்டி. 1746 பிப்ரவரியில் கிறிஸ்தவரான கனகராய முதலியார் இறந்தபிறகு அந்தப் பதவிக்கு நடந்த இழுபறியே பாதி நாவல். இதைத் தவிர்த்து எழுதினால் பொய். ஆனால் இன்றைக்கும் அந்தப் பெயர்களைத் தங்கள் பெருமையாகக் கொண்டாடுகிற சங்கங்கள் இருக்கின்றன, பரம்பரையில் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அனுமதி கேட்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கேட்டால் சில வீடுகளில் டிரங்குப் பெட்டி திறக்கும். இறந்தவர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நான் வக்கீல் இல்லை, ஆனாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள், குடும்பத்தார் மனம் புண்படவேண்டும் என்ற நோக்கத்தோடு இறந்தவர் பெயரைக் கெடுத்தாலும் அவதூறாகலாம் என்று அதில் இருக்கிறது. 280 வருஷத்துக்கு முந்தையவர்களைவிட, தாத்தா காலத்து ஆட்களை எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். கொலை, கள்ள உறவு மாதிரி பெரிய குற்றம் எதையாவது ஆதாரமில்லாமல் சுமத்த வேண்டிய கட்டம் வந்தால், நான் அந்தப் பாத்திரத்துக்குக் கற்பனைப் பெயர் கொடுத்துவிடுவேன். கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, எது பதிவில் உள்ளது, எதை நான் சேர்த்தேன், எந்த இரண்டு சம்பவத்தை ஒன்றாக்கினேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் நல்லது. சிவப்பு நிறப் பத்தி அப்போது கைகொடுக்கும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் எனக்கு இன்னும் முடியாத பிரச்சினை. நிஜ மனிதர்கள் நாவலுக்கு வசதியாகச் சாவதில்லை. டூப்ளே 1754-லேயே ஊரைவிட்டுப் போய்விடுகிறார், பிள்ளையின் செல்வாக்கும் மெல்லத் தேய்கிறது, அப்புறம் ஆறேழு வருஷம் நோயும் கடனும் பிரெஞ்சுத் தளபதி லல்லியின் கெடுபிடியும். கதை என்று பார்த்தால் 1754-இல் முடிக்கலாம். பிள்ளையோ 1761 ஜனவரியில், புதுச்சேரி இங்கிலீஷ்காரர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு கண்ணை மூடுகிறார். வீழ்ச்சியை எழுத ஆசை, ஆனால் பார்க்கிற கண் போய்விட்டது. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். இப்போதைக்கு வைத்திருப்பது இது: அவர் குடும்பத்துத் திருவேங்கடம் பிள்ளை அவருக்குப் பின் நாட்குறிப்பைத் தொடர்ந்தார், அது நிஜம். அவர் உட்கார்ந்து, பெரியவருடைய பேனாவைச் சீவிக்கொண்டு, வருஷம் விக்கிரம, மாதம் தை என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் வெளியே பீரங்கிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். பேனாவைச் சீவியது மட்டும் சிவப்பு.